கை காட்டிய இடம்

வண்டி ஓர் ஆள் நீளம் நகர்ந்து நிற்கிறது. நின்றதும் மக்காச்சோள மூட்டைகளின் கனம் பின்னாலிருந்து ஒருமுறை முன்னுக்குச் சாய்ந்து அடங்குகிறது. அது என் இடுப்பில் தெரிகிறது, முப்பத்தொரு வருடமாகத் தெரிகிறது. மணி பதினொன்றரை. தொப்பூர் இறக்கம் முடிந்து ஓமலூருக்கு முன்னால் மேம்பால வேலை நடக்கிறது என்று, கார்களையும் பஸ்களையும் மட்டும் மேலே பெரிய ரோட்டில் விட்டுவிட்டு, லாரிகளை எல்லாம் இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் அதில் ஊர்ந்துபோய், வேலை நடக்கிற இடம் முடிந்ததும் மறுபடி மேலே ஏற வேண்டும். அந்த ஏறுகிற வாய் எனக்குத் தெரியும். அங்கே ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, பாதி வெட்டிய வேப்பமரம். ஏழு மாதத்துக்கு முன் மேலே என் வரிசையில் வந்துகொண்டிருந்த நான், அந்த வாயில் காத்து நின்ற ஒரு சின்னக் காருக்காக வேகத்தைக் குறைத்து, இடது கையைத் தூக்கி, வா என்று காட்டினேன். கார் வந்தது. என் முன்னால் ஏறி நேராகப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. என் வண்டியின் மூக்கைக் குறுக்கே கடந்து வலப்பக்க வரிசைக்கே போய்விட்டது. அந்த வரிசையில் வந்த பால் வண்டி அதன் பின்பக்கத்தில் அடித்தது. பின்சீட்டில் இருந்த ஓர் அம்மா இறந்துபோனார். நான் நிற்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிற சென்றாயனிடமும் சொன்னதில்லை. மாற்று டிரைவராக அவன் இந்த வண்டிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டு, அவன் பாட்டுக்குச் சொல்கிறான்:

“ண்ணா, இன்னைக்கு நம்ம சர்வேயரப் பாக்கலாம்.”

“எந்த சர்வேயரு?”

“கை கேக்கற ஆளுங்ண்ணா. போன வாரம் குமரேசன் வண்டியில வந்து இங்க டீக்கு நிறுத்துனப்ப என்னைப் புடிச்சுக்கிட்டாரு. ஏறுற வாயில நின்னுக்கிட்டு ஒவ்வொரு லாரியா கேக்கறாரு. மாசி மாசம் இன்ன தேதி, இன்ன நேரத்துல இங்க கை காட்டுனது நீங்களான்னு. ஒரு அட்டையில படமெல்லாம் போட்டு வச்சிருக்காரு. தாலுக்கா ஆபீஸ்ல நெலம் அளக்கறவராம்.”

“நீ என்ன சொன்ன?”

“நானா? ஐயா, நான் கை காட்டுனா டவுன் பஸ்ஸே நிக்காது, வேற எவன் நிப்பான்னேன்.”

“சிரிச்சாரா?”

“எங்க சிரிக்கறது. நன்றிங்கன்னு சொல்லிட்டு அடுத்த வண்டிக்குப் போய்ட்டாரு.”

ஸ்டீயரிங்கில் சுற்றியிருக்கிற ரெக்ஸின் ஓர் இடத்தில் தையல் விட்டிருக்கிறது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறேன். பயம் வரவேண்டிய இடம் இது. நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும், நாக்கு உலர வேண்டும். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கும்போது மருந்து ஊசி போட்ட கன்னம்போல இருக்கிறது, இருக்கிறது என்று தெரிகிறது, என்னுடையது என்று தெரியவில்லை. ஏழு மாதமாக இப்படித்தான். அவர் அங்கே நிற்கிறார் என்பது எனக்குப் புதிய செய்தி. அவர் இருக்கிறார் என்பதுகூட ஒருவகையில் புதிய செய்திதான். இத்தனை நாளும் என் நினைவில் அந்தக் கார் மட்டும்தான் இருந்தது, ஓட்டியவர் இல்லை. வாரம் இரண்டு தடவை மேலே இதே இடத்தைக் கடக்கிறேன். வலப்பக்க வரிசைக்கு மாறிக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் திரும்பாமல். இப்போது பாலம் கட்டுகிறவர்கள் என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவருடைய பக்கத்திலிருந்து நான் ஏற வேண்டும்.

மேலே போகிறவனுக்குத்தான் வழி. கீழிருந்து ஏறுகிறவன் காத்திருக்க வேண்டும். லைசென்ஸ் எடுக்கிற அன்றே பலகையில் படம் காட்டிக் கேட்பார்கள். ஆனால் ரோட்டில் நடப்பது அது மட்டுமில்லை. லோடு வண்டி எவனுக்கும் நிற்காது. நின்றால் மறுபடி கிளம்பி வேகம் பிடிக்க அரைக் கிலோமீட்டர் ஆகும், அதனால் லோடு வண்டி வழி விடாததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. காலி வண்டி விடலாம். விட்டால் நல்லவன், விடாவிட்டாலும் கேட்க ஆளில்லை. ஒரு லாரி இன்னொரு லாரியைத் தாண்டினால், தாண்டப்பட்டவன் ஒருமுறை லைட் அடித்து, உன் பின்பக்கம் என்னைக் கடந்துவிட்டது, நீ இடப்பக்கம் வரலாம் என்று சொல்வான். தாண்டியவன் இண்டிகேட்டரை இடம் வலம் மின்னவிட்டு நன்றி சொல்வான். முகம் தெரியாது, ஊர் தெரியாது, நம்பர் பலகையைப் பார்த்தால் எந்த மாநிலம் என்று மட்டும் தெரியும். தன் வால் தனக்குத் தெரியாத வண்டிக்கு அடுத்தவன் கண்தான் கண். அப்படி லைட் அடித்தால் நான் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் உள்ளே வருவேன். முப்பத்தொரு வருடத்தில் ஒருவனும் தப்பாக அடித்ததில்லை. ஆனால் அது லாரிக்கும் லாரிக்கும் உள்ளது. லைட் அடிக்கிறவன் தன் வரிசைக்கு மட்டும்தான் பொறுப்புச் சொல்கிறான், வாங்குகிறவனுக்கும் அது தெரியும். கையைக் காட்டினால் ஒரு கார்க்காரர் என்ன நினைப்பார்? அவ்வளவு பெரிய வண்டியின் உயரத்திலிருந்து ஒருவன் பார்த்துச் சொல்கிறான், ரோடு முழுக்கக் காலியாகத்தான் இருக்கும் என்று நினைப்பார். அன்றைக்கு ஓசூரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலியாக இருந்ததால்தான் நல்லவனாக இருக்க முடிந்தது. இன்றைக்குப்போல லோடு இருந்திருந்தால் வழி விட்டிருக்க மாட்டேன், ஹாரனை அழுத்திக்கொண்டு போயிருப்பேன், அவர் என்னைத் திட்டியிருப்பார், அந்த அம்மாவும் சேர்ந்து திட்டியிருப்பார், சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் மறந்திருப்பார்கள்.

வரிசை நகர்கிறது. சர்வீஸ் ரோட்டில் இறங்கும் இடத்தில் இரண்டு வரிசை ஒன்றாகச் சேர வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று லாரிக்காரர்கள் தாங்களாகவே விட்டுக்கொண்டு போகிறார்கள், ஆள் நிறுத்திச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் சிமெண்டு வண்டி போனது, அடுத்து வலப்பக்கத்து டேங்கர், அடுத்து நான். கிளட்சை விடுகிறேன். அப்போது இடப்பக்கம் மண்ணில் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளைப் பெரிய கார் வந்து எனக்கு முன்னால் மூக்கை நுழைக்கிறது. மேலே போயிருக்கலாம், அவசரத்தில் இங்கே இறங்கிவிட்டார் போலிருக்கிறது. நான் நிற்கிறேன். பிரேக் தானாக விழுகிறது. இப்போதெல்லாம் எனக்கு விடவும் தெரியவில்லை, விடாமல் இருக்கவும் தெரியவில்லை. யாராவது குறுக்கே வந்தால் நின்றுவிடுகிறேன், அவர்களைப் பார்ப்பதில்லை, கையை கியர் தண்டிலிருந்து எடுப்பதில்லை. சென்றாயன் உடம்பை ஜன்னலுக்கு வெளியே பாதி விட்டுவிட்டான்.

“சார்! ஏனுங் சார், நாங்க இங்க நிக்கறது சீனரி பாக்கவா?”

கார்க் கண்ணாடி இறங்குகிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். “அவசரம்ப்பா. ஆஸ்பத்திரி.”

“ஆஸ்பத்திரிக்கா? பின்னாடி சீட்டுல சீர்வரிசைத் தட்டு தெரியுதே சார், நோயாளிக்கா அது?”

“ஏய், மரியாதையாப் பேசு.”

“சார்னுதானே சொன்னேன், இதுக்கு மேல மரியாதைக்கு நான் எங்க போவேன்?”

கார் உள்ளே நுழைந்துவிட்டது. அதன் பின்னால் இன்னொரு கார், அதன் பின்னால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று, அதன் பின்னால் மூன்று பைக். நான் நின்றுகொண்டே இருக்கிறேன். பின்னால் ஹாரன்.

“ண்ணா, இது என்ன கல்யாணப் பந்தியா? வந்தவங்களையெல்லாம் உக்கார வெக்கறீங்க? எடுங்கண்ணா.”

எடுக்கிறேன். சென்றாயன் என்னைப் பார்ப்பது தெரிகிறது. இந்த மூன்று மாதத்தில் அவன் ஒருமுறை கேட்டான், உடம்புக்கு ஏதாவதா அண்ணா என்று. சர்க்கரை என்றேன். சர்க்கரை என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. வீட்டில் மணிமேகலைக்கு அப்படிச் சொல்ல முடியாது, அவள்தான் என்னை டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள். லாரியை எடுத்துக்கொண்டு நடைக்குக் கிளம்பும்போது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கல்யாணம் ஆன நாள் முதல் நிற்கிறாள், நான் தெரு திரும்பும்போது கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டுப் போவேன். சித்திரையில் ஒருநாள் சொன்னாள், “என்னங்க, இப்பல்லாம் கை காட்டறதே இல்ல, எம்மேல ஏதாவது கோவமா?” மறந்துட்டேன் என்றேன். அடுத்த நடைக்கு ஞாபகமாகக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். தெருமுனை வந்தது. கை வரவில்லை. கைக்கு ஒன்றும் இல்லை, கியர் போடுகிறது, துண்டு பிழிகிறது, சட்டைப் பித்தான் போடுகிறது. போ என்றோ வா என்றோ ஒருவரைப் பார்த்து அசைய மட்டும் மாட்டேன் என்கிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு பெண் செத்துப்போனதற்கு எனக்குள் நடந்தது இவ்வளவுதானா. அழவில்லை. ஒருநாளும் தூக்கம் கெடவில்லை. சோறு இறங்குகிறது. ஒரு கை கொஞ்சம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

சர்வீஸ் ரோடு குறுகலாக இருக்கிறது. இடப்பக்கம் கடைகள், ஒரு தட்டு முறுக்குக் கடை, ஒரு மொபைல் கடை, தகரக் கதவுகளை வெயிலில் சாய்த்து வைத்திருக்கும் ஒரு வெல்டிங் பட்டறை. மேலே பெரிய ரோட்டில் கார்கள் சீறிப் போகின்றன, நமக்கு மேலே வேறு ஓர் ஊர் ஓடுவதுபோல. அன்றைக்கு மேலே இருந்து பார்த்தபோது இந்த ரோடு என் கண்ணிலேயே பட்டதில்லை, ஒரு வாய் மட்டும்தான் பட்டது, அதில் நின்ற கார் மட்டும்தான். அப்போது மத்தியானம் மூன்றரை மணி. எனக்குப் பின்னால் யாரும் இல்லையா, இருந்தார்களா. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் வந்து மாட்டிக்கொள்கிறேன். வேகத்தைக் குறைத்தேன், அது நிச்சயம். வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், அதுவும் நிச்சயம், கண்ணாடியில் பால் வண்டியின் வெள்ளைத் தொட்டி வெயிலில் பளிச்சென்று அடித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கையைக் காட்டினேன், அது நிச்சயம். எதற்குப் பின் எது என்பதுதான் இல்லை. பார்த்துவிட்டுக் காட்டினேனா, காட்டிவிட்டுப் பார்த்தேனா. பார்த்துவிட்டுக் காட்டியிருந்தால், பளிச்சென்று ஒன்று வருகிறது என்று தெரிந்தே காட்டியிருக்கிறேன். அப்படி எந்த மனிதனும் செய்ய மாட்டான், அதனால் காட்டிய பிறகுதான் பார்த்திருக்க வேண்டும். காட்டிய பிறகுதான் பார்த்தேன் என்றால், பார்க்காமல் காட்டியிருக்கிறேன். இல்லை, இரண்டு தடவை பார்த்திருக்கலாம். முதல் தடவை வலப்பக்கம் காலி, பால் வண்டி எனக்கு நேர் பின்னால் வந்திருக்கும், கண்ணாடியில் தெரிந்திருக்காது. நான் வேகத்தைக் குறைத்ததால்தான் அவன் எரிச்சல்பட்டு வலப்பக்கம் ஏறியிருப்பான். அப்படியென்றால் அந்த வண்டியை அந்த வரிசைக்கு அனுப்பியதும் நான்தான். எந்தப் பக்கம் சுற்றினாலும் இங்கேயே வந்து நிற்கிறது. கோபம்கூட இல்லை இதில், செக்குபோலச் சுற்றுகிறது, எண்ணெய் எதுவும் வருவதில்லை.

அன்றைக்கு எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். நின்றிருந்தால் அடித்திருப்பார்கள், அது உண்மை, கூட்டம் முதலில் லாரிக்காரனைத்தான் அடிக்கும், யார் மோதியது என்று பிறகுதான் கேட்கும். ஆனால் நான் நிற்காததற்கு அது காரணமில்லை. அடி ஞாபகமே வரவில்லை. கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது, அதை எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மரத்தடியில் இறங்கி முகம் கழுவினேன். பிறகு வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். பம்பரைத் தடவினேன். கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். என் வண்டி எதையும் தொடவே இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கால் மணி நேரம் தேடினேன். ஒரு கீறல் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் பேப்பரில் ஆறு வரி வந்தது. நில அளவையர் அறவாழி, வயது ஐம்பத்தொன்று, கவனக்குறைவாக நெடுஞ்சாலையில் நுழைந்ததில் கார் மீது பால் வண்டி மோதி அவருடைய மனைவி சுகந்தி, நாற்பத்து நான்கு, அதே இடத்தில் இறந்தார். கணவர் மீது வழக்கு. கவனக்குறைவாக என்ற சொல்லை டீக்கடையில் நின்று நான்கு தடவை படித்தேன். அதில் நான் இல்லை. ஆறு வரியில் ஒரு வரிகூட எனக்கு இல்லை. அப்பாடா என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றியதா என்று ஞாபகமில்லை. வடை சாப்பிட்டேன், அது ஞாபகமிருக்கிறது.

“பாவம்ண்ணா அந்த ஆளு,” என்கிறான் சென்றாயன், நான் எதுவும் கேட்காமலே. “பொண்டாட்டி வீட்டாளுங்க இவர்தான் கொன்னாருங்கறாங்களாம். பெத்த பொண்ணே பேசறதில்லையாம். டீக்கடைக்காரர் சொன்னாரு. யாரோ கை காட்டுனாங்கன்னு இவர் சொல்றாரு, போலீஸ்ல எந்த லாரி, நம்பர் என்னன்னு கேக்கறாங்க. எவன் அந்த நேரத்துல நம்பரைப் பாப்பான்?”

“கை காட்டுனவன் வந்து சொன்னா?”

“சொன்னா இவர் மேல இருக்கற கேஸு கொஞ்சம் லேசாகும். ஆனா எவன் சொல்லுவான்? சொன்னா அவனைத் தூக்கி உள்ள வெப்பாங்க. இல்லீன்னா கோர்ட்டு கோர்ட்டா அலையணும். போங்கண்ணா, காட்டுனவனுக்கு ஞாபகமே இருக்காது. ஒரு நாளைக்கு நாம எத்தனை பேருக்குக் காட்டறோம்.”

ஞாபகம் இருக்காது என்று அவன் சொன்னது ஒரு நல்ல இடமாகத் தெரிகிறது. அதில் போய் உட்காரலாம். நான் அவர் தேடுகிற ஆள் இல்லை, ஒரு நாளைக்கு இருபது பேருக்குக் கை காட்டுகிறவர்களில் ஒருவன் என்று. அவர் கேட்பார், இல்லைங்க என்று சொல்ல வேண்டும், நன்றிங்க என்று அவர் அடுத்த வண்டிக்குப் போவார். இல்லைங்க. இரண்டு நொடி. சொல்லிப் பார்க்கிறேன், வாய் அசையாமல். சரியாகத்தான் வருகிறது. அவருக்கு என்ன வேண்டும்? தண்டிக்கவா ஆள் தேடுகிறார்? ஏழு மாதம் ஆகியும் வெயிலில் நின்று லாரி லாரியாகக் கேட்கிறவர் தண்டிக்கத் தேடுகிறவர்போலத் தெரியவில்லை. போலீசிடம் சொல்லியிருப்பார், மச்சான்களிடம் சொல்லியிருப்பார், மகளிடம் சொல்லியிருப்பார், கை காட்டினாங்க, கை காட்டினாங்க என்று. யாரும் நம்பாத ஒன்றை எத்தனை நாள் ஒருவரால் தனியாக நம்பிக்கொண்டிருக்க முடியும். அவருக்கே இப்போது சந்தேகம் வந்திருக்கும். அந்தக் கை இருந்ததா. அது இருந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அதில் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மற்றவன் வாரம் இரண்டு தடவை வலப்பக்க வரிசையில் போகிறான்.

வாய் தெரிகிறது. எனக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி, அந்தக் குட்டி யானை. அவன் ஏறுவதற்கு மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான். மேலே ஒரு டூரிஸ்ட் பஸ் இடப்பக்க வரிசையில் மெதுவாக வருகிறது. இங்கிருந்து பார்க்கும்போது அந்த பஸ்ஸுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன், தலையைச் சாய்த்துப் பார்க்கிறேன், இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தும் ஒன்றுமில்லை. வலப்பக்க வரிசை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒரு சுவர் வருகிறது, அதற்கு ஒரு முன்கண்ணாடி இருக்கிறது, கண்ணாடிக்குள் ஒரு ஆள் இருக்கிறான், அவ்வளவுதான் உலகம். சின்னக் காரில் தரையோடு உட்கார்ந்திருந்தவருக்கு இந்த அளவுகூட இருந்திருக்காது. என் கை மட்டும்தான் இருந்திருக்கும். வாயிலிருந்து நூறு மீட்டரில் நடுத்திட்டில் ஒரு திறப்பு தெரிகிறது, வலப்பக்கம் திரும்பி எதிர்ப்பக்கம் போவதற்கு. அதற்காகத்தான் ஒரே மூச்சில் குறுக்கே போயிருக்கிறார். மேலே போகிறபோது இந்தத் திறப்பு என் கணக்கில் வந்ததே இல்லை. என் வரிசை என்னுடையது. அதை நான் விட்டுக்கொடுக்கலாம். அடுத்த வரிசை என்னுடையது இல்லை. என்னுடையது இல்லாததையும் சேர்த்து அவருக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு கையை ஆட்டி.

குட்டி யானை ஏறிவிட்டது. நான் வாய்க்கு வந்து நிற்கிறேன். சென்றாயன் மெதுவாக, “வர்றாரு பாருங்க,” என்கிறான்.

நான் நினைத்ததுபோல இல்லை. தாடி இல்லை, அழுக்கு இல்லை. சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, பையில் பேனாவும் பென்சிலும் செருகி, ஆபீசுக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தவர்போல இருக்கிறார். என் பக்கத்துக் கதவருகே வந்து, பழகிப்போன குரலில், மனப்பாடமாக ஆரம்பிக்கிறார்.

“வணக்கங்க. ஒரு நிமிஷம்தான். மாசி பதினாலு, செவ்வாக்கெழம, மத்தியானம் மூணரை மணிக்கு இந்த எடத்துல ஒரு காருக்குக் கை காட்டுனது நீங்களா?”

அட்டையை உயர்த்திக் காட்டுகிறார். நிலப் படம் வரைகிற மெல்லிய கோடுகள். ரோட்டின் அகலம் மீட்டரில் எழுதியிருக்கிறது, வேப்பமரத்துக்கு ஒரு வட்டம், டீக்கடைக்கு ஒரு சதுரம். வாய்க்கு எதிரே நீளமாக ஒரு கட்டம், உள்ளே லாரி என்று எழுதி, அதன் தூரத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

“இல்லீங் சார், நாங்க தாவணகெரே நடை, நீங்க போன வாரமே…” என்று சென்றாயன் ஆரம்பிக்கிறான்.

“நான்தாங்க,” என்கிறேன்.

குரல் எங்கிருந்தோ வந்ததுபோல இருக்கிறது. சென்றாயன் கையில் கடலையோடு திரும்புகிறான். அவர் திடுக்கிடவில்லை. பென்சிலை எடுக்கிறார்.

“நீங்க அஞ்சாவதுங்க,” என்கிறார்.

“என்னங்க?”

“நாலு பேர் ஆமான்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் என்னைப் பாத்துப் பாவப்பட்டுச் சொன்னாரு. ஒருத்தர் நான்தான்யா, வழிய விடுன்னாரு. ரெண்டு பேரு நெசமாவே தாங்கதானோன்னு பயந்து சொன்னாங்க. நம்பர் குடுத்தாங்க. போன் பண்ணா எடுக்கறதில்ல. பரவால்லைங்க. உங்க நம்பரும் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

குறை சொல்கிற குரல் இல்லை. எல்லைக் கல் காணோம் என்று எழுதிக்கொள்கிற குரல். பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. நம்பரைச் சொல்லலாம், பத்து இலக்கம், சொல்லிவிட்டுப் போகலாம், அவரும் எழுதிக்கொள்வார், ஐந்தாவது ஆளாக நானும் போனை எடுக்காமல் இருக்கலாம். இப்போது எனக்குள் ஒன்று வருகிறது. ஏழு மாதமாகக் கண்ணாடியையும் கையையும் சுற்றிக்கொண்டிருந்தேனே தவிர, இதை ஒருதடவைகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. எதற்காக அந்தக் காருக்கு மட்டும் வழி விட்டேன் என்பதை.

“முன்சீட்டுல ரெண்டு தென்னங்கன்னு வச்சிருந்தீங்க,” என்கிறேன். “ஓலை கண்ணாடியில முட்டிக்கிட்டு இருந்துச்சு. நடறதுக்குக் கொண்டுபோறாங்க, வெயில்ல வாடிருமேன்னு… அதான் வழி விட்டேன்.”

பென்சில் நிற்கிறது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கன்னத்தில் மட்டும் ஒரு சதை, வெயிலில் ஈ உட்கார்ந்ததுபோல, துடிக்கிறது.

“பேப்பர்ல அது வரல,” என்கிறார்.

“வரலைங்க.”

“ஒடிஞ்சிரும்னு அவதான் முன்னாடி வெக்கச் சொன்னா. அதான் பின்னாடி உக்காந்தா.” கொஞ்ச நேரம் அட்டையைப் பார்க்கிறார். “அப்ப கை காட்டுனீங்க.”

“காட்டுனேன்.”

“எடது கை.”

“எடது கைதாங்க.”

“வலப்பக்கம் காலியா இருக்குன்னு பாத்துட்டுத்தான் காட்டுனீங்களா?”

இதற்கு ஆமாம் என்று சொன்னால் நான் தப்பித்துக்கொள்ளலாம், இல்லை என்று சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டும் நாக்கின் நுனியில் ஒரே கனமாக இருக்கின்றன.

“தெரியலைங்க,” என்கிறேன். “ஏழு மாசமா யோசிக்கறேன். தெரியல.”

அவர் தலையை ஆட்டுகிறார், அதுதான் சரியான பதில் என்பதுபோல. பென்சிலைப் பையில் செருகிக்கொள்கிறார். என் நம்பரை மறுபடி கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மேலே ரோடு காலியாகிறது, இந்த நேரத்தில் ஏறிவிடலாம், பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் ஒரே ஹாரனாகச் சொல்கிறார்கள்.

நான் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைக்கிறேன். மூட்டைகளின் கனம் ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது.

“ண்ணா, என்ன பண்றீங்க? வாயிலயே நிறுத்தாதீங்க, அடிக்க வருவானுங்க!”

“நீ எடுத்துட்டுப் போ. நாமக்கல்ல எறக்கிரு. மில்லுல நான் அப்பறம் பேசிக்கறேன்.”

“நீங்க?”

“நான் இவரோட ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வர்றேன்.”

“ண்ணா, வெளையாடாதீங்க. வீட்டுல என்ன சொல்றது?”

“கேட்டா சொல்லு. எல்லாத்தையும் சொல்லு.”

கதவுப் பிடியைத் திருகுகிறேன். கதவு பாதி திறந்து, கதவை ஒட்டி நிற்கிற அவர்மேல் இடித்துவிடும்போல நிற்கிறது. அவருக்கு நான் இறங்குகிறேன் என்று புரிய ஒரு நொடி ஆகிறது. பிறகு அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்கிறார்.

இறங்குகிறேன்.